ராயர் கண்டிகை ரிஜிஸ்டர்

தபீதாள் கேட்டது ஒரு ஆர்மோனியம். வந்து இறங்கியதோ ஓர் ஆள்.

அதுவும் எங்கிருந்து? சிலோனிலிருந்து! ‘யாழ்ப்பாணத்துச் சபையார் ஆறு மாதத்துக்கு ஒரு மிஷனெரியை அனுப்பி வைக்கிறார்கள், உங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஒத்தாசையாக வைத்துக்கொள்ளவும்’ என்று சித்தூரிலிருந்து போதகர் தியோடர் ஐயா கடிதம் போட்டிருந்தார். ஆர்மோனியத்தைப் பற்றி மூச்சுக்கூட இல்லை. 1959 மே மாதத்து வெயிலில், புத்தூர் ஸ்டேஷனில், கையில் குடையும் காலடியில் தகரப் பெட்டியுமாக நின்ற ஒல்லிப் பெண்ணைப் பார்த்ததும் தபீதாளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்கார அம்மாவாக இருந்தாலாவது ஊர் கூடி வேடிக்கை பார்க்க வரும். இதுவோ நம்மைப் போலவே நிறம், நம்மைப் போலவே நூல் சேலை. இதைக் கொண்டுபோய் யாருக்குக் காட்டுவது?

“நான் யூனிஸ், அக்கா. கனநேரம் காத்துக்கொண்டு நிண்டனீங்களோ? குறை நினைக்காதேங்கோ” என்றாள் அந்தப் பெண்.

தபீதாளுக்குப் பாதிதான் புரிந்தது. இருக்கிற பாஷை போதாதென்று இன்னொன்று வேறா என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டே தகரப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றினாள்.

அவள் முணுமுணுத்ததிலும் நியாயம் இருந்தது. புத்தூருக்கு மேற்கே நாலு மைலில் இருக்கிறது ராயர் கண்டிகை. நூறு வீடு. அதில் தமிழ் பேசுகிற வீடும் உண்டு, தெலுங்கு பேசுகிற வீடும் உண்டு. ஒரே வீட்டில் அடுப்படியில் தெலுங்கும் வாசலில் தமிழும் பேசுகிற கூத்தும் உண்டு. அதுவரைக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தது, எல்லைத் தகராறு வந்தது, எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் மெட்ராஸ் பக்கம் என்று வருஷக்கணக்காக இழுபட்டது. அப்போதிருந்து பிடித்தது சனி. ஊருக்கு ஊர் தலையை எண்ணி, எந்தப் பாஷைக்காரர் அதிகமோ அந்தப் பக்கம் சேர்ப்பார்களாம் என்று பேச்சு. முடிவாகிவிட்டது என்றார்கள் சிலர். இன்னும் ஒரு தடவை எண்ணப்போகிறார்கள் என்றார்கள் சிலர். கிணற்றடியில் ஒன்றாகத் தண்ணீர் சேந்தினவர்கள் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

தபீதாளுக்கு இந்த எல்லை அக்கப்போரெல்லாம் ஒரு பொருட்டில்லை. அவள் கவலை வேறு. புத்தூர் மிஷன் பள்ளியில் பதினான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவள் அவள். ராயர் கண்டிகையில் மிஷனுக்கு ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. பிள்ளைகள் போதவில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்னால் அதை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். பையன்கள் நாலு மைல் நடந்து புத்தூருக்குப் போனார்கள். பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்? மூன்று வருஷமாக அந்த ஊரில் ஒரு பெண் பிள்ளைகூடப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. தபீதாள் சித்தூருக்கு நடையாய் நடந்து, தியோடர் ஐயாவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். கோடையில் பத்து நாள் வேதாகமப் பள்ளி நடத்த வேண்டும். கடைசி நாள் ஐயா வருவார். ரிஜிஸ்டரில் நாற்பது பிள்ளைகளின் பெயரைப் பார்த்தால் ஜூன் மாதமே பள்ளிக்கூடத்தைத் திறந்துவிடுவார். பார்க்காவிட்டால் கட்டடத்தை யாருக்காவது விற்றுவிடுவதாகக் கமிட்டி முடிவு பண்ணியிருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

“தலைய எண்ணிக்கினா ஆவாதா ஐயா? ரிஜிஸ்டரு எதுக்கு?” என்று கேட்டுப் பார்த்திருந்தாள்.

“தலையை எண்ணி எழுதினால் கமிட்டி நம்பாது அம்மா. திருவிழாக் கூட்டம் என்பார்கள். பெயர், வயசு, தகப்பன் பெயர், ஊர், வீட்டுப் பாஷை, எல்லாம் வேண்டும். எந்தப் பாஷையில் புத்தகம் அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?”

முதல் நாள் முப்பது பிள்ளைகள் வந்தார்கள். பாதிப் பேர் இந்து வீட்டுப் பிள்ளைகள். வெயிலில் மாந்தோப்பில் கல் விட்டுக்கொண்டு திரிவதற்கு நிழலில் உட்கார்ந்து பாட்டுப் பாடட்டுமே என்று அனுப்பிய தாய்மார்கள். யூனிஸ் எழுந்து, “பிள்ளையள், எல்லாரும் கிட்ட வாங்கோ, ஒரு கதை சொல்லப்போறன்” என்றாளோ இல்லையோ, கூரை பறக்கிற மாதிரி சிரிப்பு. தபீதாள் பிரம்பைத் தேடினாள். யூனிஸோ பிள்ளைகளைவிடப் பெரிதாகச் சிரித்தாள்.

“சரி, நீங்கள் என்னெண்டு சொல்லுவியள்? எனக்குச் சொல்லித் தாங்கோ.”

அவ்வளவுதான், பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. டீச்சருக்கே பாடம் நடத்துகிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? ‘பக்கத்துல வாங்க’ என்று தமிழில் நாலு பேர், ‘தக்கரகா ரண்டி’ என்று தெலுங்கில் நாலு பேர். யூனிஸ் இரண்டையும் பயபக்தியோடு திருப்பிச் சொன்னாள். பிறகு பழைய கம்பளியைப் பலகையில் விரித்து, தானே வரைந்து பின்பக்கம் துணி ஒட்டிய படங்களை ஒவ்வொன்றாக அதில் ஒட்டிக் கதை சொன்னாள். கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்த ஒருவன். கண்டும் காணாமல் போன இரண்டு பெரிய மனிதர்கள். வேற்று ஜாதிக்காரன் ஒருவன் வந்து அவனைத் தூக்கித் தன் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போனது. அந்தக் கழுதை மட்டும் கம்பளியில் நிற்காமல் பொத்துப் பொத்தென்று விழுந்தது. விழும்போதெல்லாம் பிள்ளைகள் ஓவென்று கத்த, யூனிஸ் அதைத் தடவிக்கொடுத்து, “பாவம், களைச்சுப் போச்சுது” என்று திரும்ப ஒட்டினாள். மறுநாள் கழுதையைப் பார்க்கவே ஐம்பது பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் அறுபத்திரண்டு.

தபீதாளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமை. பதினான்கு வருஷம் பிரம்பு பிடித்தும் அவளிடம் ஒரு பிள்ளை இப்படி ஒட்டினதில்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது: கொடுத்த கேப்பைக் களியை அந்தப் பெண் முகம் சுளிக்காமல் தின்றாள். சாக்கடை தாண்டிச் சேரிக்குள் போய்ப் பிள்ளைகளைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லமாட்டாள். முனிகிருஷ்ணன் மகள் தாட்சாயணி, ஒன்பது வயசு வாயாடி, தினமும் கேட்பாள்: “டீச்சர், உங்க ஊரு எது?” யூனிஸ், “கழுதை எங்க போச்சுது, பாருங்கோ” என்று பேச்சை மாற்றிவிடுவாள்.

மூன்றாம் நாள்தான் தபீதாள் அந்தக் காரியத்தைச் செய்தாள். நீளமான ரிஜிஸ்டரை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து, வந்த பிள்ளைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தினாள்.

“உம் பேரு? வயசு? நைனா பேரு? ஊட்ல இன்னா பேசுவீங்கோ?”

“நைனா கூட தமிழு. அம்மா கூட தெலுங்கு” என்றாள் தாட்சாயணி.

“ஏதாச்சும் ஒண்ணு சொல்லுடி.”

“ரெண்டுந்தான் டீச்சர்.”

“ஒரு கட்டந்தான் கீது!” என்று அதட்டி, தமிழ் என்று எழுதினாள் தபீதாள். பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் விழித்தார்கள். அவள் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொண்டே போனாள். கதவோரம் நின்ற யூனிஸின் முகம் வெளுத்ததை அவள் கவனிக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் வந்தது பதினோரு பேர்.

தபீதாள் தெருவில் இறங்கிப் போனாள். முதல் வீடு நாகபூஷணத்துடையது. தெலுங்கு வீடு. கதவைத் திறந்ததும் அவர் கையை ஆட்டினார். “மா பில்லனி பம்பம். பிள்ளைய அனுப்ப மாட்டோம், போம்மா. சிலோன்லேந்து ஆள இட்டாந்து தமிழ்க் கணக்க ஏத்தறீங்களா?”

அடுத்த வீடு முனிகிருஷ்ணன். நாலு தலைமுறையாக அந்த மண்ணில் உழுகிற தமிழ்க் குடியானவர். அவர் வாசலிலேயே மறித்தார். “இன்னா டீச்சரம்மா, எங்களயெல்லாம் தெலுங்குன்னு எழுதி சித்தூருக்கு அனுப்பறீங்களாமே? அந்த லிஸ்ட வச்சித்தான் ஊர அந்தப் பக்கம் தள்ளப் போறாங்களாம்!”

ஒரே ரிஜிஸ்டர்; தெலுங்கு வீடு அதைத் தமிழ்க் கணக்கு என்கிறது, தமிழ் வீடு அதைத் தெலுங்குக் கணக்கு என்கிறது!

“ஐயோ, இது பாட்டு படிக்க வர்ற பிள்ளைங்க பேருங்க” என்றாள் தபீதாள்.

“பாட்டுக்கு எதுக்கும்மா பாஷக் கணக்கு?” என்றார் முனிகிருஷ்ணன். “நானு தமிழு. எம் பொஞ்சாதி யசோதா சந்திரகிரிப் பக்கம், தெலுங்கு. எந்தப் பக்கம் தள்ளினாலும் எனக்குப் பாதி ஊடு வெளியதான். இதுல எம் பொண்ணு பேரு வேற எழுதிக்கினு போனீங்க.” கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாட்சாயணி அழுகிற சத்தம் கேட்டது.

பள்ளிக்குத் திரும்பிய தபீதாள் ரிஜிஸ்டரைத் தரையில் விட்டெறிந்தாள். கத்தினாள், தலையில் அடித்துக்கொண்டாள், ஊர்க்காரர்களின் அறிவை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினாள். யூனிஸ் எல்லாம் ஓயும்வரை காத்திருந்து, ரிஜிஸ்டரை எடுத்துத் தூசி தட்டினாள்.

“அக்கா, போன வருசம் இதே மாசம், சிங்களக் கலவரத்தில, கொழும்பில எங்கட வீட்டு வாசலில பத்துப் பேர் வந்து நிண்டவங்கள். பேர் கேக்கேல்லை. வீட்டில என்ன பாஷை எண்டுதான் முதல் கேட்டவங்கள். அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

“அப்புறம்?”

“பிறகு எங்களுக்கு அந்த வீடு இல்லை. அப்பாவும் இல்லை. எங்களைக் கப்பலில ஏத்திக்கொண்டு வந்து யாழ்ப்பாணத்தில இறக்கி விட்டவங்கள். எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. நான் பிறந்தது, வளந்தது எல்லாம் கொழும்பு. உங்கட ஊர் எது எண்டு அந்தப் பிள்ளை கேக்கேக்க என்னத்தைச் சொல்லுறது?” யூனிஸ் ரிஜிஸ்டரின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். “நேற்று நீங்கள் அதே கேள்வியைக் கேக்கேக்க என்ர நெஞ்சு பதறினது. வந்த இடத்தில வாய் திறக்கக் கூடாதெண்டு பேசாமல் இருந்திட்டன். பிழை என்னிலயும்தான்.”

பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அதட்டினது கண்முன்னால் வந்தது. வெட்கமாக இருந்தது தபீதாளுக்கு, அழுகை வருகிற அளவுக்கு வெட்கம்.

“கொளுத்திடலாம் இத” என்றாள்.

“கொளுத்தினால் என்னத்தையோ மறைக்கிறம் எண்டு நினைப்பினம். கத்தரிக்கோல் இருக்கோ அக்கா?”

யூனிஸ் ரிஜிஸ்டரை வரிவரியாக வெட்டினாள். ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு. அறுபத்திரண்டு துண்டு.

“ஐயோ, இன்னா பண்றீங்கோ! ஐயா வந்து கேட்டா இன்னாத்த காட்றது? ஸ்கூலு போயிடுமே!”

“பிள்ளையள் இல்லாத ரிஜிஸ்டரை வச்சு நாங்கள் என்ன செய்யிறது அக்கா?” என்றாள் யூனிஸ்.

அக்கினி நட்சத்திர வெயிலில் இரண்டு நாள் நடந்தார்கள். காலையில் வந்த பதினோரு பேருக்கும், நூறு பேர் இருக்கிற மாதிரியே, ஒரு பாட்டுக் குறையாமல் பாடம். பிறகு வீடு வீடாக. யூனிஸ் துண்டைத் தாயின் கையில் கொடுத்து, “இது உங்கட பிள்ளையின்ர பேர். உங்களிட்டயே இருக்கட்டும். எங்களிட்ட வேற கணக்கு இல்லை” என்பாள். அதைத் தெலுங்கு வீட்டில் தெலுங்கிலும், தமிழ் வீட்டில் ஊர்த் தமிழிலும் தபீதாள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்து, “எழுதனது நானு. தப்பு என்னுது” என்றும் சேர்த்துக்கொண்டாள். பெற்ற தாயிடம்கூட மன்னிப்புக் கேட்டறியாத தபீதாள், இரண்டு பாஷையில், அறுபத்திரண்டு தடவை! ஒரு வீட்டில் நாயை ஏவினார்கள். ஒரு வீட்டில் திட்டித் தீர்த்துவிட்டு மோர் கொடுத்தார்கள். நாகபூஷணம் துண்டை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். யூனிஸுக்குக் கால் கொப்பளித்துவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாளே தவிர, ஒரு வீட்டை விடவில்லை. என்ன பிறவியடி அம்மா இது என்று தபீதாள் வாய்விட்டே சொன்னாள்.

ஆறாம் நாள் முப்பது பேர் வந்தார்கள். எட்டாம் நாள் ஐம்பதைத் தாண்டியது. கழுதை பழையபடி விழ ஆரம்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய தபீதாளோ ஐயா வர இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் நாள் பிள்ளைகள் காதுபடவே பொரிந்துவிட்டாள்.

“நாளிக்கு ஐயா வந்து ரிஜிஸ்டரு எங்கன்னு கேப்பாரு. இன்னாத்த காட்றது, எம் மூஞ்சியவா? ரிஜிஸ்டரு இல்லன்னா ஸ்கூலும் இல்ல, ஒண்ணும் இல்ல!”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா, பிள்ளையள் பயந்திடுவினம்” என்றாள் யூனிஸ்.

மறுநாள் காலை தியோடர் ஐயா ஒரு கூடை பங்காருபாளையத்து மாம்பழத்தோடு வந்து இறங்கினார். பிள்ளைகள் இரண்டு பாஷையிலும் பாடினார்கள். கழுதைக் கதையைத் தாட்சாயணி சொன்னாள். யூனிஸ் சொல்கிற மாதிரியே, “பாவம், களைச்சுப் போச்சுது” என்று சொல்லிப் பெரியவர்களைச் சிரிக்க வைத்தாள். ஐயா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ரொம்ப சந்தோஷம். ரிஜிஸ்டரைக் கொண்டுவாருங்கள்.”

தபீதாள் எழுந்தாள். “ரிஜிஸ்டரு இல்லீங்க ஐயா. நாங்களே...”

“கீது சாமி” என்றது வாசலில் ஒரு குரல்.

முனிகிருஷ்ணன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாகபூஷணம். இரண்டு மாதமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத ஆட்கள். நாகபூஷணம் கையில் பழைய அட்டை ஒன்று இருந்தது. அதில் சோற்றுப் பசை போட்டு வரிசையாகத் துண்டுகள் ஒட்டியிருந்தன. சில கோணல், ஒன்று தலைகீழ்.

“ஸ்கூலு மூடிடுவாங்கன்னு நேத்து எம் பொண்ணு சோறு துன்னல சாமி” என்றார் முனிகிருஷ்ணன். “அதான் நானும் இவுருமா ஊடு ஊடா போயி வாங்கியாந்தோம். நாலு பேரு கல்யாணத்துக்குத் திருப்பதி போய்க்கிறாங்க. மீதி அம்பத்தெட்டு.”

ஐயா அட்டையை வாங்கிப் பார்த்தார். தபீதாள் எட்டிப் பார்த்தாள். அவள் மையில் தமிழ் என்று எழுதிய இடத்திலெல்லாம் பக்கத்தில் பென்சிலால் தெலுங்கு என்று இருந்தது. தெலுங்கு என்று எழுதிய இடத்திலெல்லாம் தமிழ் என்று இருந்தது. ஒன்றுவிடாமல், ஐம்பத்தெட்டிலும்.

“இதில் தமிழ் எத்தனை, தெலுங்கு எத்தனை?” என்று கேட்டார் ஐயா.

“அம்பத்தெட்டும் தமிழுங்க” என்றார் நாகபூஷணம்.

“அம்பத்தெட்டும் தெலுங்குங்க” என்றார் முனிகிருஷ்ணன்.

ஐயா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அட்டையை மடங்காமல் பத்திரமாகத் தன் பைக்குள் வைக்கப் போனார். “அப்படியானால் இரண்டு பாஷையிலும் ஐம்பத்தெட்டுப் புத்தகம் கேட்டு எழுதுகிறேன். ஜூன் முதல் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்” என்றார்.

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கம்பளியிலிருந்த கழுதை மறுபடி விழுந்தது. ஐயா அந்தச் சத்தத்துக்கு நடுவில் குனிந்து, “ஆர்மோனியமும் பார்க்கிறேன் அம்மா” என்றார்.

“ஆர்மோனியம் கெடக்குது ஐயா. இவுங்கள ஆறு மாசத்துல யாழ்ப்பாணத்துக்குத் திருப்பிக் கூப்ட்டுக்காம இருக்கச் சொல்லுங்கோ, போதும்.”

அப்போதுதான் தாட்சாயணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். “சாமி, அத உள்ள வைக்காதீங்க, இன்னொண்ணு ஒட்டணும்!” அவள் கையில் நோட்டுத் தாளைக் கோணல்மாணலாகக் கிழித்த துண்டு ஒன்று இருந்தது. அதை ஐயாவிடம் தரவில்லை. யூனிஸிடம் நீட்டினாள்.

யூனிஸ் வாங்கிப் படித்தாள். தகப்பன் கைபிடித்து எழுத வைத்த பெரிய பெரிய எழுத்து. பேரு: யூனிஸ் டீச்சர். வயசு: தெரியாது. ஊரு: ராயர் கண்டிகை.

பாஷை என்ற இடம் காலியாக இருந்தது. “அது வாணாம்னு எங்க நைனா சொல்லிட்டாரு” என்றாள் தாட்சாயணி.

யூனிஸ் அந்த மூன்றாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதாள். பிள்ளைகள் பயந்து போனார்கள். தாட்சாயணிக்கும் உதடு கோணியது. “நானு தப்பா எழுதிட்டனா டீச்சர்?”

“தப்பில்லடி” என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள் தபீதாள். “டீச்சரு இன்னிக்குத்தான் ஊரு வந்து சேந்துகிறாங்க. கொஞ்ச நேரம் அழுவட்டும், உடு.”

பிறகு ஐயாவின் கையிலிருந்து அட்டையை வாங்கி, தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்த நாலு பருக்கைச் சோற்றை நசுக்கித் தடவி, ஐம்பத்தொன்பதாவது துண்டைத் தன் கையாலேயே ஒட்டினாள்.